இரண்டு சாவிகள், ஒரு பெட்டகம்

வங்கிக் கிளையின் பாதுகாப்புப் பெட்டக அறைக்குள் நாம் செல்லும்போதெல்லாம் ஒரே முறைதான் பின்பற்றப்படுகிறது. பொறுப்பு அலுவலர் முதலில் தம்மிடமுள்ள சாவியை நமது லாக்கரில் நுழைத்துத் திருப்புகிறார். பின்பு அதை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறார். அதன்பிறகே நமது சாவியால் பெட்டகத்தைத் திறக்கிறோம். இதைப் பலமுறை கண்டு பழகியவர்களுக்கும் இரண்டு ஐயங்கள் எழுவதுண்டு. வங்கியின் சாவியை மட்டும் கொண்டு நமது பெட்டகத்தைத் திறந்துவிட முடியுமா? நமது சாவி தொலைந்துவிட்டால் வங்கியிடம் மாற்றுச் சாவி இருக்குமா? இரண்டிற்கும் 'இல்லை' என்பதே விடை. காரணத்தை அறிய, பூட்டின் உள்ளமைப்பைச் சற்றே புரிந்துகொள்ள வேண்டும்.

தாழும் தடையும்

எந்தப் பூட்டிலும் ஒரு தாழ் உண்டு. அதை நகரவிடாமல் நிறுத்தும் தடைகள் உண்டு. அத்தடைகளை விலக்கும் சாவி உண்டு. பழங்காலப் பூட்டுகள் பலவற்றில் தடைகள் அசையாதவை. அவற்றைச் சுற்றிச் செல்லுமாறு வளைத்த கம்பி ஒன்றே அத்தகைய பல பூட்டுகளைத் திறக்கப் போதுமானதாக இருந்தது. இக்குறையைப் போக்க, 1778-இல் இங்கிலாந்தில் இராபர்ட் பாரன் என்பவர் அசையும் தடைகளைக் கொண்ட லீவர் பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார்.

லீவர் என்பது ஒரு மெல்லிய உலோகத் தகடு. பூட்டினுள் இத்தகடுகள் அடுக்காக நிற்கும். ஒவ்வொன்றையும் ஒரு வில் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு பிளவு உண்டு. பிளவுகள் அனைத்தும் ஒரே நேர்கோட்டில் அமைந்தால்தான் தாழிலுள்ள முளை அவற்றின் வழியே செல்ல இயலும். சாவியின் ஒவ்வொரு பல்லும் தனக்குரிய தகட்டைச் சரியான உயரத்திற்கு உயர்த்துகிறது. ஒரு தகடு சிறிது குறைவாக உயர்ந்தாலும், சிறிது மிகுதியாக உயர்ந்தாலும் முளை முட்டி நின்றுவிடும். அலிகார், திண்டுக்கல் போன்ற ஊர்களில் உருவாகும் பூட்டுகளை வாங்கும்போது '6 லீவர்', '7 லீவர்' என்று பொறித்திருப்பதைக் காண்கிறோம். அது இத்தகடுகளின் எண்ணிக்கையையே குறிக்கிறது.

வீட்டுக் கதவுகளில் இன்று பரவலாக உள்ள உருளைப் பூட்டு வேறு வகையினது. அமெரிக்கரான இளைய லைனஸ் யேல் 1861-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இதில் தகடுகளுக்கு மாற்றாக, இரண்டு துண்டுகளாலான சிறு ஊசிகள் வரிசையாக நிற்கின்றன. சரியான சாவி நுழையும்போது, எல்லா ஊசிகளின் இணைப்பிடங்களும் உருளையின் விளிம்போடு ஒன்றி நிற்கும், உருளை சுழலும். ஐந்து ஊசிகள் இருந்து, ஒவ்வொன்றுக்கும் ஆறு உயரங்கள் அமையுமானால், கணக்கின்படி 7,776 வெவ்வேறு சாவிகள் கிடைக்கும்.

திறக்க முடியாத பூட்டு உண்டா?

இலண்டன் நகரில் பிராமா நிறுவனம் தனது பூட்டைக் கடையின் சாளரத்தில் வைத்து, அதைச் சாவியின்றித் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்திருந்தது. 1851-இல் அந்நகரில் நடந்த பெருங்கண்காட்சிக்கு வந்த ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு வல்லுநர், அக்காலத்தில் பெரிதும் நம்பப்பட்ட சப் நிறுவனத்தின் பூட்டை ஏறத்தாழ 25 நிமிடங்களில் திறந்துகாட்டினார். பிராமா பூட்டுக்கு அவர் செலவிட்டது 16 நாள்களில் ஏறத்தாழ 51 மணி நேரம். முடிவில் அதுவும் திறந்தது.

இந்நிகழ்ச்சி நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. பூட்டு திருடனை என்றென்றைக்கும் தடுப்பதில்லை. அவனது நேரத்தைச் செலவழிக்கச் செய்கிறது. அந்த நேரத்திற்குள் அவனைக் காணும் கண்ணும், கேட்கும் செவியும் இருந்தால்தான் பூட்டினால் பயன் உண்டு. வங்கிகள் பூட்டை மட்டும் நம்பாமல், காவல், கண்காணிப்புக் கேமரா, பதிவேடு ஆகியவற்றையும் அதனுடன் சேர்த்து வைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

பகிர்ந்தளிக்கப்பட்ட அதிகாரம்

இப்போது நமது லாக்கருக்கு வருவோம். அதன் பூட்டினுள் இரண்டு தொகுதித் தகடுகள் உள்ளன. ஒன்று வங்கியின் சாவிக்கு உரியது. மற்றது நமது சாவிக்கு உரியது. வங்கியின் சாவி தனக்குரிய தொகுதியை மட்டுமே விலக்கும். நமது தொகுதி விலகாதவரை தாழ் அசையாது. அவ்வாறே, வங்கியின் தொகுதி விலகாத நிலையில் நமது சாவியும் பயன்படாது. நமது சாவியை வேறொருவர் எடுத்துச் சென்றாலும், கிளையில் கையொப்பமிட்டுத் தம்மை மெய்ப்பிக்காமல் அவரால் பெட்டகத்தை நெருங்க இயலாது. ஒரே மனிதரிடம் முழு அதிகாரமும் சேராமல் காப்பதே இவ்வமைப்பின் நோக்கம்.

நமது சாவிக்கு மாற்றுச் சாவி வங்கியிடம் இல்லை என்பதால், அது தொலைந்தால் உடனே கிளைக்குத் தெரிவிக்க வேண்டும். வங்கி தனது தொழில்நுட்பப் பணியாளர் அல்லது தான் அங்கீகரித்த வல்லுநர் வாயிலாகப் பெட்டகத்தைத் திறந்து, பூட்டை மாற்றும். அதற்கான செலவு வாடிக்கையாளரைச் சாரும்.

இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்டு, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நெறிமுறைகளையும் நாம் அறிந்திருத்தல் நலம். லாக்கர் திறக்கப்படும் நாளிலேயே வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் வர வேண்டும். தீ, திருட்டு, கொள்ளை, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால், வங்கியின் பொறுப்பு அந்த லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு. ஆண்டு வாடகை 3,000 ரூபாய் எனில் அத்தொகை 3 இலட்சம் ரூபாய். உள்ளே இருப்பதன் மதிப்பு இதனினும் மிகுதியாக இருக்கக்கூடும். ஆதலின் நகைகளின் பட்டியலையும் படங்களையும் வீட்டில் வைத்திருப்பதும், தேவையெனில் தனியே காப்பீடு செய்வதும் அறிவுடைமை. நியமனதாரரைப் பதிவு செய்தலும், அவ்வப்போது பெட்டகத்தைச் சென்று பார்த்தலும் இன்றியமையாதவை. வாடகை முறையாகச் செலுத்தப்பட்டாலும், 7 ஆண்டுகள் பயன்படுத்தப்படாமல், வாடிக்கையாளரையும் கண்டறிய இயலாத நிலையில், உரிய நடைமுறைகளுக்குப்பின் பெட்டகத்தைத் திறக்க வங்கிக்கு உரிமை உண்டு.

கைப்பேசியிலும் இரு சாவிகள்

இதே இருசாவித் தத்துவம் இன்று நமது கைப்பேசியிலும் இயங்குகிறது. ஏடிஎம் எந்திரத்தில் அட்டை ஒரு சாவி. நாம் மட்டும் அறிந்த ரகசிய எண் மற்றொரு சாவி. இணையவழிப் பரிவர்த்தனையில் கடவுச்சொல்லுடன் ஓடிபி சேர்கிறது. தொலைபேசியில் ஒருவர் இனிமையாகப் பேசி ஓடிபி கேட்கும்போது, அவர் பூட்டை உடைக்க முயலவில்லை. நமது கையிலுள்ள சாவியை நாமே நீட்டுமாறு வேண்டுகிறார். ஹாப்ஸ் 51 மணி நேரம் போராடிய வேலையை அவர் ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவார்.

வங்கியின் சாவியை வங்கி காக்கிறது. நமது சாவியைக் காக்க வேண்டியவர்கள் நாமே. அது இரும்பாலானதாயினும், ஆறு இலக்க எண்ணாயினும், பிறர் கைக்குச் செல்லாதிருக்கும்வரைதான் பூட்டு பூட்டாக நிற்கும்.