கடினமான ஆங்கிலச் சொற்களும் நம் தமிழறிவும்

கிள்ளானுக்குத் தெற்கே லங்காட் ஆற்றால் பிரிக்கப்பட்டுக் கிடப்பது கேரி தீவு. முன்னாளில் அங்கு ரப்பர் பயிரிட்ட எட்வர்ட் வேலண்டைன் கேரி என்னும் ஆங்கிலேயரின் பெயரே அதற்கு நிலைத்தது. ரப்பர் நின்ற நிலத்தில் பின்னர்ச் செம்பனை வந்தது. ஆயினும், "ஆங்கிலம் நமக்கு எட்டாது, பிள்ளைக்கு நாம் எவ்வாறு உதவுவது?" என்னும் தயக்கம் தோட்டப்புறப் பெற்றோர் பலரை விட்டு இன்னும் அகலவில்லை.

இடைநிலைப்பள்ளி ஆங்கிலப் பாடத்தில் கவிதையும் சிறுகதையும் உண்டு. 'மெட்டஃபோர்' என்றால் என்னவென்று ஆசிரியர் வினவும்போது நம் பிள்ளை வாய் திறவாதிருக்கிறான். அவன் அறியாதது அச்சொல்லைத்தான்; பொருளையன்று. பொருளைத் தமிழ் வகுப்பில் முன்னரே கற்றிருக்கிறான். இதனை அவனுக்கு உணர்த்தாவிடில், தனக்கு அறிவு குறைவு என்றே அவன் எண்ணிவிடுவான்.

"கல்வி விளக்குப் போன்றது" என்பது உவமை, ஆங்கிலத்தில் 'சிமிலி'. "கல்வியே விளக்கு" என்பது உருவகம், அதுவே 'மெட்டஃபோர்'. "கண்ணீர் ஆறாய்ப் பெருகியது" என்பது உயர்வு நவிற்சி, அது 'ஹைப்பர்போலி'. சொற்களின் முதலில் ஒரே ஒலி வருவது மோனை, அது 'அலிட்டரேஷன்'. 'ரைம்' என்பதனை எதுகை என்பர் சிலர். எதுகை இரண்டாம் எழுத்தின் ஒற்றுமை. ஆங்கிலப் பாட்டிலோ ஒலி ஒன்றுவது பெரும்பாலும் அடியின் இறுதியில். ஆதலின், இயைபு என்பதே அதற்கு நெருங்கிய சொல். உவமைக்கெனத் தொல்காப்பியம் ஓர் இயலையே வகுத்துள்ளது. இவ்விலக்கணம் நமக்குப் புதிதன்று.

இனி, நீண்ட சொற்களை வேர் பிரித்துக் கற்க வேண்டும். 'பயோ' என்பது உயிர் அல்லது வாழ்வு. 'கிராஃபி' என்பது எழுதுதல். இரண்டும் சேர்ந்த 'பயோகிராஃபி' வாழ்க்கை வரலாறு. முன்னே தன்னைக் குறிக்கும் 'ஆட்டோ' சேரின் அது தன்வரலாறு. நிலத்தைக் குறிக்கும் 'ஜியோ' கிராஃபியுடன் சேரின் புவியியல். ஒரு வேரை அறிந்தால் பல சொற்கள் விளங்கும்.

ஆங்கில அகராதியில் நம் சொற்களும் உள்ளன. 'கட்டமரான்' நம் கட்டுமரம். 'செரூட்' நம் சுருட்டு. 'மல்லிகடானி' நம் மிளகுத்தண்ணீர். நெல்லைக் குறிக்கும் 'பேடி' மலாய்மொழியின் 'பாடி'யிலிருந்து சென்றது. 'ரப்பர்' என்பதோ தேய்த்தலைக் குறிக்கும் 'ரப்' என்னும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது. பென்சில் எழுத்தை இப்பொருள் அழிக்கவல்லது என்பதனை 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் அறிஞர் குறித்து வைத்தார்.

பால்மரம் சீவுவோர் அறிவர்: ஒரே நாளில் ஆழமாகச் சீவினால் மரம் காயப்படும், பட்டையை மெல்லியதாய்ச் சீவிவரின் பால் பல்லாண்டு கிடைக்கும். சொற்களும் அவ்வாறே. நாளொன்றுக்கு ஐந்து சொற்கள் போதும். குறிப்பேட்டில் மூன்று பத்திகள் இட்டு, ஆங்கிலச் சொல், அதன் வேர், தமிழ்ச்சொல் என எழுதச் செய்யுங்கள்.

ஆங்கிலம் அறியாத பெற்றோரும் மாலையில் பிள்ளையிடம், "இதற்குத் தமிழில் என்ன பெயர்? ஓர் எடுத்துக்காட்டுச் சொல்" என்று கேட்கலாம். விடை கூறும்போதே பிள்ளையின் அச்சம் நீங்கும். இன்றிரவே தொடங்குங்கள்.