இடுப்பெலும்பு நழுவுவதில்லை

இடுப்பு வலிக்கிறது என்று நம் ஊரில் ஒருவர் வாய்திறந்து சொல்லிவிட்டால், கேட்பவர் யாராயினும், வைத்திய சாஸ்திரத்தின் வாசற்படியைக்கூட மிதித்தறியாதவராயினும், வாயு, சுளுக்கு, டிஸ்க் ஆகிய மூன்றில் ஒன்றைக் காரணமாகத் தீர்மானித்து, அதற்கொரு பரிகாரத்தையும் கையோடு சொல்லாமல் விடுவதில்லை. இந்த மூன்றிலும் அடங்காத நான்காவது காரணம் ஒன்று உண்டு. முதுகெலும்பின் அடியில் ஆப்புப்போல் செருகி நிற்கும் திரிக எலும்பு இருபுறமும் இடுப்பெலும்புகளோடு சேருகிற மூட்டு அது. எலும்பு டாக்டர்கள் சுருக்கமாக எஸ்.ஐ. ஜாயின்ட் என்பார்கள். நாள்பட்ட கீழ்முதுகு வலியால் வருந்துவோரில் நூற்றுக்கு 15 முதல் 30 பேர் வரை இந்த மூட்டினாலேயே அவஸ்தைப்படுவதாக மதிப்பிடுகிறார்கள். ஆயினும் இதன் பெயரையே கேள்விப்படாமல் வருஷக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் அநேகர்.

இடுப்பு வலி என்றாலே டிஸ்க்தான் என்பது முதல் நம்பிக்கை. இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1905ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்து டாக்டர்களான கோல்ட்த்வைட், ஆஸ்குட் இருவரும் இந்த மூட்டே இடுப்பு வலிக்கும் கால் குடைச்சலுக்கும் காரணமாகலாம் என்று எழுத, அதன்பின் சில பத்தாண்டுகள் வைத்திய உலகம் இதன் தலையிலேயே பழியைச் சுமத்திவந்தது. 1934இல் அதே பாஸ்டனில் மிக்ஸ்டரும் பாரும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதை எடுத்துக்காட்டியதும், பழி முழுவதும் டிஸ்க்குக்கு இடம் மாறி, இந்த மூட்டு ஏறக்குறைய மறக்கப்பட்டது. ஸ்கேன் வந்த பிறகு டிஸ்க்கின் கீர்த்தி இன்னும் பெருகிற்று. ஆனால் வலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களை ஸ்கேன் செய்து பார்த்தாலும் நூற்றுக்குச் சுமார் 60 பேருக்கு டிஸ்க் புடைத்திருக்கக் காணலாம். ஆகவே படத்தில் புடைப்புத் தெரிந்த மாத்திரத்திலேயே வழக்கை முடித்துவிடுவது நியாயமாகாது. படத்தைவிட விரல் பல சமயங்களில் நல்ல சாட்சி சொல்லும். எங்கே வலி என்று ஒரு விரலால் காட்டச் சொன்னால், இம்மூட்டு வலிக்காரர் முதுகின் நடுவைத் தொடமாட்டார். பின்னிடுப்பில் இருபுறமும் தென்படும் சிறு குழிகளில் ஒன்றின் ஓரத்தில், சற்றே கீழே உட்புறமாக விரல்நுனியை ஊன்றி, “இதோ, இங்கேதான்” என்பார். பிறகு டாக்டர் அவரைப் படுக்கவைத்து மூட்டைப் பலவிதமாக அழுத்தியும் நெம்பியும் செய்யும் சோதனைகளில் மூன்றேனும் அதே வலியைக் கிளப்பினால் சந்தேகம் பலப்படும்.

இரண்டாவது நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் பொல்லாதது: எலும்பு விலகிவிட்டதாம், தட்டி உட்காரவைத்தால் சரியாகிவிடுமாம். காலால் பிறந்தவரைக் கொண்டு இடுப்பில் உதைக்கச் சொல்வதும், உலக்கையை உருட்டுவதும், நெட்டி முறித்துவிடுவதும் இந்நம்பிக்கையின் சந்ததிகளே. படித்தவர்கள் நாடிச்செல்லும் குளிர்சாதன அறையில் அதே நெட்டி முறித்தல் அதிகக் கட்டணத்துக்கு நடக்கிறது என்பது ஒன்றே வித்தியாசம். மேடும் பள்ளமுமாக ஒன்றோடொன்று பொருந்தி, சரீரத்திலேயே மிகப் பலமான பிணைப்பு நார்களால் இறுக்கப்பட்ட இந்த மூட்டு, சுழல்வது இரண்டு மூன்று பாகை, நகர்வது ஒன்றிரண்டு மில்லிமீட்டர். பெரிய விபத்தில் இடுப்பு நொறுங்கினாலன்றி அது நழுவ வழியில்லை. 1998இல் ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர்கள், எலும்பில் நுண்ணிய உலோகக் குண்டுகளைப் பதித்து, நெட்டி முறிப்பதற்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்தார்கள். மூட்டின் நிலை மாறவேயில்லை. அப்படியானால் ‘டக்’கென்ற சத்தத்துக்குப் பின் சிலருக்கு சுகம் தெரிகிறதே என்றால், அந்த சுகம் பொய்யன்று, இறுகிக் கிடந்த தசைகள் சற்றுத் தளர்ந்து வலி தணிந்திருக்கிறது, அவ்வளவே. எலும்பு விலகியதாக நம்புகிறவர் ஒவ்வோர் அடியையும் பயந்து பயந்து எடுத்துவைக்க, அந்தப் பயத்தினாலேயே தசைகள் மேலும் இறுகி, ஆறவேண்டிய வலி நிலைத்துவிடுகிறது என்பதே என் மனஸ்தாபம்.

பிள்ளை பெற்ற பெண்களிடையே வேறொரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. சிசேரியனின்போது முதுகில் போட்ட ஊசிதான் ஆயுள் முழுவதும் இடுப்பை வாட்டுகிறது என்று பாட்டி முதல் பக்கத்து வீட்டு அம்மாள் வரை சத்தியம் செய்வார்கள். குத்திய இடத்தில் சில நாள் நோவு இருப்பதுண்டு. அதற்குமேல் நாள்பட்ட வலிக்கு அந்த ஊசி காரணமென்று ஆராய்ச்சிகள் காட்டவில்லை. கர்ப்ப காலத்தில் பிணைப்பு நார்கள் இளகி, வயிற்றின் பாரம் முன்னே சாய, கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இடுப்பு வளையத்தில் வலி காண்கிறது. பெரும்பாலோருக்குப் பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் மறைகிறது. வலி மறையாமல் வருந்தும் சிலர், குழந்தையை எந்நேரமும் ஒரே பக்கத்து இடுப்பில் ஏற்றிக்கொண்டு, ஒரு காலில் பாரத்தைச் சாய்த்து நின்று சமைப்பதைப் பார்த்தால், ஊசியின்மேல் பழிசொல்ல மனம் வராது.

வலி தீரும்வரை படுத்தே கிடக்கவேண்டும் என்பதும் தவறு. வலி கடுமையான ஓரிரு நாள் ஓய்வு தகும். அதற்குமேல் படுக்கை உதவாது, உபத்திரவமே செய்யும். வேண்டுவது, மூட்டைத் திருகுகிற அசைவுகளைக் கொஞ்சகாலம் தவிர்ப்பது. இரவில் புரண்டு படுக்கையில் முழங்கால்களைச் சேர்த்துக்கொண்டு உடம்பு முழுவதையும் ஒருசேரத் திருப்பலாம்; முழங்கால்களிடையே தலையணை வைத்துக்கொள்ளலாம். ஒற்றைக்காலில் நின்று பாவாடையோ பேன்ட்டோ மாட்டுவதை விட்டுக் கட்டிலில் உட்கார்ந்து மாட்டலாம். மாடிப்படியில் ஏறுகையில் வலியற்ற காலையும் இறங்குகையில் வலிக்கும் காலையும் முதலில் வைக்கலாம். கூடவே, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மெல்ல உயர்த்தி இறக்குவது போன்ற, பிட்டத்துக்கும் அடிவயிற்றுக்கும் பலந்தரும் பயிற்சிகளை பிஸியோதெரபிஸ்ட் ஒருவரிடம் கற்றுப் படிப்படியாகக் கூட்டவேண்டும்; செய்யும்போது சிறிது வலிப்பது ஆபத்தன்று, மறுநாளும் வலி மிகுந்தே இருந்தால் அளவைக் குறைத்தால் போதும். குணம் மாதக்கணக்கில் வருவதேயன்றி வாரத்தில் வருவதன்று.

இவ்வலிக்காகக் கட்டும் பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை: அதை வயிற்றின்மேல் கட்டுவதில் பயனில்லை, இடுப்பெலும்பின் முன்முனைகளுக்குச் சற்றுக் கீழே கட்டி, நடக்கும்போதும் நிற்கும்போதும் மாத்திரம் அணியலாம்.

எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் பயமில்லை என்ற நம்பிக்கையை மட்டும் இளைஞர்கள் அறவே கைவிடவேண்டும். நாற்பத்தைந்து வயதுக்குள் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, காலையில் எழுந்ததும் அரைமணி நேரத்துக்கு அதிகமாக இடுப்பை விறைக்கச் செய்து, ஓய்வில் கூடி நடமாட்டத்தில் தணிகிற வலி, பின்னிரவில் தூக்கத்தைக் கெடுக்கிற வலி, மூட்டில் அழற்சி உண்டாக்கும் வாதநோயின் அறிகுறியாகலாம். எக்ஸ்ரேயில் அது புலப்படச் சில வருஷங்கள் ஆகும், எம்.ஆர்.ஐ. முன்னமே காட்டிவிடும். காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்திருந்தால், நம் தேசத்தில் காசநோயையும் நினைக்கவேண்டும். சிறுநீர் கட்டுப்பாடிழந்தாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்தாலோ, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.