பிணியாளர் கண்ட கருணை

மருந்து நோயைத் தணிக்கும். மருத்துவரின் அறிவு உயிரைக் காக்கும். ஆயினும், படுக்கையிற் கிடக்கும் பிணியாளர் இவற்றோடு வேறொன்றையும் நாடுகின்றார். அஃது யாது? பிணியுற்ற ஒருவரின் வரலாற்றால் அதனை அறிவோம்.

அமெரிக்க நாட்டிலுள்ள பாஸ்டன் நகரில் கென்னத் ஷ்வார்ட்ஸ் என்னும் வழக்கறிஞர் வாழ்ந்தார். மருத்துவத் துறைபற்றிய சட்டங்களில் அவர் வல்லவர். புகை பிடிக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. எனினும், 1994ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அவருக்கு நுரையீரற் புற்றுநோய் கண்டிருப்பது தெரியவந்தது. அப்பொழுது அவருக்கு வயது 40. அவருடைய மகனுக்கு வயது 2.

அறுவை மருத்துவத்திற்கு முன்னர், செவிலி ஒருவர் அவரை வினவிக் குறிப்பெடுத்தார். முதலில் அச்செவிலியின் பேச்சிற் கனிவில்லை. வந்து போகும் பலருள் ஒருவராகவே அவரை எண்ணினார். ஆனால், அவருடைய நோயின் கொடுமையை அறிந்ததும் செவிலியின் உள்ளம் இளகியது. அவர் கையைப் பற்றி, மனநிலையை வினவினார். பேச்சு அவருடைய இளமகனைப் பற்றியதாயிற்று. செவிலியின் கண்களில் நீர் துளித்தது. அறுவைப் பகுதி அவர் பணிபுரியும் இடமன்று. ஆயினும், மறுநாள் அங்குத் தேடி வந்து, மீண்டும் கையைப் பற்றி வாழ்த்தினார்.

இதற்காகச் செலவானவை சில நிமிடங்களே. ஆனால், இத்தகைய சிறு செயல்களே பெருந்துயரைப் பொறுக்கும் வலிமையைத் தமக்கு அளித்தன என்று, 1995இல் 'பாஸ்டன் குளோப்' இதழில் ஷ்வார்ட்ஸ் எழுதினார். மிகுந்த பணிச்சுமை மருத்துவப் பணியாளரின் இயல்பான கருணையை நெரித்துவிடும் என்பதையும் அவர் உணர்ந்திருந்தார்.

கருணை அவருடைய ஆயுளை நீட்டவில்லை. அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் அவர் மறைந்தார். ஆனால், தாம் பெற்ற ஆறுதல் பிறர்க்கும் கிட்ட வேண்டும் என்று விழைந்து, இறப்பதற்குச் சில நாள் முன்னர் ஓர் அறநிலையத்தை நிறுவினார். அதன் முயற்சியால், 1997 முதல் மருத்துவரும் செவிலியரும் ஒருங்கு கூடித் தம் உள்ளச்சுமையை மனம் திறந்து பேசும் கூட்டங்கள் நடைபெறலாயின. பிறரைத் தேற்றுவோருக்கும் தேற்றுவார் வேண்டுமன்றோ?

மாணவர்களே! உங்களுள் மருத்துவராவோர் சிலரே. ஆயினும், நோயுற்றவர் அருகில் அமரும் நாள் எல்லோர்க்கும் வரும். அன்று நோயைப் பற்றி மட்டும் வினவாதீர். அவர் உள்ளத்தைப் பற்றியும் வினவுங்கள்.