கப்பலில் ஏறுமுன்

‘ரஜூலா’ என்ற பெயர் தஞ்சை, நாகை, இராமநாதபுரம் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னும் அடிபடும். 1926 முதல் 1970களின் தொடக்கம் வரை சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல் அது. அதற்குப் பின் வந்த ‘எம்.வி. சிதம்பரம்’ 1985இல் தீப்பிடித்ததோடு அந்தத் தடத்தின் பயணிகள் கப்பலே நின்றுபோனது. கப்பல் என்றால் வாந்தி, கட்டுச்சோறு, டெக்கில் பாய் விரித்துப் படுப்பது என்று நம் குடும்பங்களில் பேசப்படுவதெல்லாம் அந்தக் காலத்தின் மிச்சம். மறுபக்கம் விளம்பரங்கள்: ஏறி உட்கார்ந்தால் போதும், எல்லாம் கட்டணத்துக்குள் அடக்கம் என்கின்றன.

தாத்தாவின் நினைவையும் விளம்பரத்தையும் நம்பி முதல் குரூஸுக்குப் பணம் கட்டுகிறவர்கள் கேபினுக்கும் துணிமணிக்கும் நிறைய யோசிக்கிறார்கள். பயணத்தைக் கெடுப்பவை அவையல்ல. ஆவணமும் துறைமுகமும் கடிகாரமும்தான். தமிழ்நாட்டிலிருந்து பலர் தேர்ந்தெடுக்கும் சிங்கப்பூர், போர்ட் கிளாங், பினாங்கு, புக்கெட் பயணத்தையே எடுத்துக்கொள்வோம்.

“சிங்கப்பூரில் கிளம்பி சிங்கப்பூருக்கே திரும்புகிறோம், ஒருமுறை விசா போதும்.”

போதாது. விமானத்தில் வந்து இறங்குவது ஒரு நுழைவு; குரூஸ் முடிந்து கப்பலிலிருந்து இறங்குவது இன்னொரு நுழைவு. நடுவில் நாட்டை விட்டு வெளியே போய்விட்டீர்கள். இந்தியர்களுக்குச் சிங்கப்பூர் பெரும்பாலும் பலமுறை நுழையும் விசாவே தருகிறது. ஆனாலும் கையில் வந்த தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். மலேசியாவும் தாய்லாந்தும் அண்மை ஆண்டுகளில் இந்தியர்களை விசா இல்லாமல் அனுமதித்து வந்திருக்கின்றன. இத்தகைய சலுகைகள் கெடு வைத்துத் தரப்படுபவை. முன்பதிவு செய்த மாதத்தில் இருந்த விதி கிளம்பும் மாதத்தில் இருக்கிறதா என்று அந்தந்த நாட்டு அரசின் தளத்தில் பார்க்க வேண்டும். நுழைவதற்கு முன் இணையத்தில் நிரப்பவேண்டிய வருகைப் படிவங்களும் அங்கேயே தெரியும்.

“நாங்கள் கப்பலை விட்டு இறங்கவே போவதில்லை, எங்களுக்கு எதற்கு விசா?” என்று கேட்பவர்களும் உண்டு. கப்பல் நிறுவனங்கள் இதை ஏற்பதில்லை. வழியில் உள்ள எல்லா நாடுகளுக்கும் தேவையான ஆவணம் இருந்தால்தான் ஏற்றுவார்கள். இல்லையென்றால் முனையத்திலேயே நிறுத்திவிடுவார்கள். கட்டிய பணமும் திரும்பாது. ஐரோப்பாவில் இது இன்னும் சிக்கல். ஏதென்ஸ் அருகே ஏறி, துருக்கியின் குஷாடாசியில் இறங்கிப் பார்த்துவிட்டு, மறுநாள் ஒரு கிரேக்கத் தீவுக்குத் திரும்பினால் ஷெங்கன் எல்லையைத் தாண்டிப் போய் மறுபடியும் உள்ளே வருகிறீர்கள். ஒற்றை நுழைவு விசா அங்கே உதவாது. பாஸ்போர்ட் ஊர் திரும்பும் நாளிலிருந்து இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சென்னையிலிருந்து 2023 ஜூனில் ‘எம்.வி. எம்பிரஸ்’ அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குப் போனது போன்ற பயணத்துக்கும் பாஸ்போர்ட் கட்டாயம். ஏறும் இடம் சொந்த ஊர் என்பதால் விதி தளராது.

“பயணத் திட்டத்தில் கோலாலம்பூர் என்று போட்டிருக்கிறது. இறங்கியதும் ஊரைப் பார்க்கலாம்.”

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த நம்பிக்கைதான். ஒரு முழு நாளை விழுங்கிவிடும். கோலாலம்பூர் கடலோர ஊரே அல்ல. கப்பல் நிற்பது போர்ட் கிளாங்கில். தாத்தாக்கள் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று சொன்ன அதே துறைமுகம். அங்கிருந்து நகரத்துக்குச் சாலை வழியே ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும், நெரிசல் இருந்தால் இன்னும் கூட. காலை எட்டு மணிக்குக் கப்பல் நின்றாலும் வரிசையில் நின்று, குடிவரவு தாண்டி வெளியே வர ஒன்பதைத் தாண்டிவிடலாம். பத்துமலை போய், வெயிலில் 272 படி ஏறி இறங்கி, சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் பொழுது சரியாக இருக்கும். பத்துமலையோடு இரட்டைக் கோபுரத்தையும் கடைவீதியையும் சேர்த்துத் திட்டம் போடுகிறவர்கள் எதையும் நின்று பார்ப்பதில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

மற்ற ஊர்களிலும் இதே கதைதான். திட்டத்தில் ரோம் என்று இருந்தால் கப்பல் நிற்பது சிவிடவெக்கியாவில். பாரிஸ் என்றால் லெ ஹாவ்ர்; அங்கிருந்து பாரிஸ் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். பாங்காக் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் லேம் சபாங் துறைமுகம்; நகரத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். திட்டத்தில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் துறைமுகத்தின் பெயர் இருக்கும். அதை வரைபடத்தில் தேடிப் பார்த்துவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

பினாங்கு இதற்கு நேர்மாறு. சுவெட்டன்ஹாம் பியரில் இறங்கி வெளியே வந்தால் ஜார்ஜ் டவுனுக்குள் நிற்பீர்கள். மணிக்கூண்டையும் கார்ன்வாலிஸ் கோட்டையையும் தாண்டி நடந்தால் லிட்டில் இந்தியா வந்துவிடும். குயின் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. பூக்கடை வாசலில் தமிழில் விலை கேட்கலாம், வாழையிலைச் சாப்பாடு சாப்பிடலாம். இந்த ஊருக்குக் காசு கொடுத்துப் பேருந்துச் சுற்றுலா வாங்கத் தேவையில்லை. தொப்பி, தண்ணீர் பாட்டில், நல்ல செருப்பு இருந்தால் போதும்.

“பத்து நிமிடம் தாமதமானால் கப்பல் காத்திருக்கும்.”

காத்திருக்காது. கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவில் போன பேருந்து தாமதமானால் நிற்பார்கள், அல்லது அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுசேர்ப்பார்கள். சொந்தமாக வாடகைக் கார் பிடித்துப் போனவருக்கு அந்தப் பொறுப்பு அவருடையதே. கப்பல் கிளம்பும் நேரம் ஐந்து என்றால் எல்லாரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் அதற்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னதாக இருக்கும். அந்த இரண்டாவது நேரத்தைத்தான் நினைவில் வைக்க வேண்டும். அதனால்தான் தொலைவான போர்ட் கிளாங்கில் நிறுவனச் சுற்றுலாவும் பக்கத்திலேயே ஊர் இருக்கும் பினாங்கில் சொந்த நடையும் முதல்முறைக்கு ஏற்றவை என்பேன்.

இதில் கைபேசி ஒரு வலை விரித்து வைத்திருக்கிறது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூர் நேரத்துக்கு ஒரு மணி பின்னால். புக்கெட்டில் கைபேசி உள்ளூர்க் கோபுரத்தைப் பிடித்துத் தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும். கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாமல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால், கைபேசி மூன்று காட்டும்போது கப்பலில் நான்கு. எந்த நேரம் செல்லும் என்று அன்றைய அறிவிப்புத் தாளில் இருக்கும். இதற்காகவே ஒரு சாதாரணக் கைக்கடிகாரம் கட்டிக்கொள்வது நல்லது. புக்கெட்டின் பட்டோங் கடற்கரைக்குப் பெரிய கப்பல்கள் நேராக வருவதில்லை. நடுக்கடலில் நங்கூரமிட்டு, சிறு படகில் ஆட்களைக் கரைசேர்ப்பார்கள். அந்தப் படகுக்கான வரிசை நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் இப்படிப்பட்ட இடத்தில் இறங்க முடியாமலும் போகலாம். அதை முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

“கப்பல் என்றாலே வாந்திதான்.”

ரஜூலா தாண்டியது திறந்த வங்காள விரிகுடாவை. சிங்கப்பூர்–பினாங்கு தடம் மலாக்கா நீரிணைக்குள் ஓடுகிறது. ஒருபக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலாய்த் தீபகற்பம். பெரிய அலைக்கு அங்கே இடம் குறைவு. இக்காலக் கப்பல்களில் நீருக்கடியில் இருபுறமும் துடுப்பு போன்ற நிலைப்படுத்திகள் நீட்டிக்கொண்டு பக்கவாட்டு ஆட்டத்தை அடக்குகின்றன. ஆனால் முன்னும் பின்னுமாக எழுந்து தாழும் ஆட்டத்தை அவை நிறுத்துவதில்லை. ஆகவே கேபின் எங்கே என்பதே கேள்வி. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் ஆட்டம் குறைவு. கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் உச்சித்தளப் பால்கனி கேபின்தான் அதிகம் ஆடும். மலைப்பாதைப் பேருந்திலேயே எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு உட்காருபவருக்கு நடுவே உள்ள கீழ்த்தள அறையைப் பார்த்து வாங்குங்கள். மாத்திரை என்றால் குமட்டல் தொடங்குமுன் போட வேண்டும். தொடங்கிய பிறகு பலன் குறைவு. அவோமின் போன்றவை தூக்கம் தரும், கண்ணழுத்த நோயும் புராஸ்டேட் தொல்லையும் உள்ளவர்களுக்கு ஒத்துவராமல் போகலாம் என்பதால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டே எடுத்துவையுங்கள். தலை சுற்றினால் அறைக்குள் படுக்காமல் டெக்குக்கு வந்து அடிவானத்தைப் பாருங்கள். உள்காது உணரும் அசைவும் கண் பார்ப்பதும் ஒன்றோடொன்று முரண்படுவதால் வருவது இது. இரண்டும் ஒத்துப்போனால் தணியும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையிலிருந்து வங்கக்கடலில் போவது வேறு விஷயம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் சின்னம் உருவானால் பாதையும் துறைமுகமும் மாறும். முதல் பயணத்துக்கு அந்த மாதங்களைத் தவிர்க்கலாம்.

“கட்டணத்தில் எல்லாம் அடக்கம்.”

அறை, பொது உணவகங்களில் சாப்பாடு, தண்ணீர், காபி, டீ, நிகழ்ச்சிகள், நீச்சல்குளம் ஆகியவை பொதுவாக அடக்கம். மது, குளிர்பானம், சிறப்பு உணவகம், வைஃபை, கரைச் சுற்றுலா, மருத்துவரைப் பார்ப்பது எல்லாம் தனி. துறைமுக வரி சேர்த்துத்தான் விலை சொன்னார்களா என்றும் பாருங்கள். விலை இருவர் பகிரும் அறைக்கு ஆளுக்கு இவ்வளவு என்று போடப்படுவது. தனியாகப் போகிறவர் பெரும்பாலும் கிட்டத்தட்ட இருமடங்கு கொடுக்க வேண்டிவரும்.

பலர் கடைசி நாளில் திகைப்பது டிப்ஸ் தொகையைப் பார்த்து. பல பெரிய நிறுவனங்களில் ஆளுக்கு, நாளுக்கு 15 முதல் 20 டாலர் வரை கணக்கில் தானாக ஏறும், குழந்தைகளுக்கும் சேர்த்து. 16 டாலர் என்று வைத்தால் நால்வர் குடும்பத்துக்கு நான்கு இரவுகளில் 256 டாலர். இதை நீக்கச் சொல்லி வரவேற்பு மேசையில் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து, காலையும் மாலையும் உங்கள் அறையைத் துடைத்து ஒழுங்குபண்ணும் மனிதரின் வருமானத்தில் அது ஒரு பங்கு. தொடக்கத்திலேயே பட்ஜெட்டில் போட்டுவிட்டால் கடைசியில் சங்கடம் இல்லை.

கைபேசியை ஏறியதும் விமானப் பயன்முறையில் வையுங்கள். நடுக்கடலில் அது பிடிக்கும் இணைப்பு செயற்கைக்கோள் வழி வருவது. சாதாரண ரோமிங் திட்டத்தில் சேராது, பில் பயங்கரமாக வரும்.

“குழந்தைக்குச் சாதம் வடிக்கச் சின்னக் குக்கர் எடுத்துப் போகலாம்.”

ரைஸ் குக்கர், எலெக்ட்ரிக் கெட்டில், தண்ணீர் சுடவைக்கும் காயில், இஸ்திரிப் பெட்டி எதற்கும் அனுமதி இல்லை. எக்ஸ்ரேயில் பிடித்து, இறங்கும் நாளில்தான் தருவார்கள். மெழுகுவத்தி, ஊதுபத்தி, கற்பூரம் ஏற்றுவதும் கூடாது. கடல் நடுவே தீக்கு அஞ்சுவது எவ்வளவு நியாயம் என்பதை ‘சிதம்பரம்’ கப்பலை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் கிண்டிய புளியோதரையையும் பெரும்பாலும் ஏற்றமாட்டார்கள். பிரிக்காத பாக்கெட் தின்பண்டம் பரவாயில்லை. சைவம், ஜைன உணவு, சர்க்கரை நோயாளிக்கான உணவு வேண்டுமானால் முன்பதிவிலேயே எழுதிக் கொடுத்து, முதல் இரவு உணவின்போது பரிமாறுபவரிடம் இன்னொருமுறை சொல்லிவிடுங்கள். ஆசியத் தடக் கப்பல்களில் பருப்பும் சாதமும் சப்பாத்தியும் அரிதல்ல.

“பாதுகாப்புப் பயிற்சி வெறும் சடங்கு.”

2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தனர். அன்று மாலை ஏறிய பயணிகளுக்குப் பயிற்சி இன்னும் நடக்கவே இல்லை. அன்றைய விதி 24 மணி நேர அவகாசம் தந்திருந்தது. அதன் பிறகே, கப்பல் கிளம்புமுன் அல்லது கிளம்பியவுடன் பயிற்சி முடிய வேண்டும் என்று சர்வதேச விதி மாறி 2015 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி: அபாய அறிவிப்பு இதுதான். உங்கள் கூடுமிடம் எது, அங்கே படியில் எப்படிப் போவது என்று ஒருமுறை நடந்து பாருங்கள். ஆபத்து நேரத்தில் லிஃப்டை நம்ப முடியாது. முட்டிவலிக்கார அம்மாவோ மாமியாரோ கூட வந்தால் முதல் நாளே ஊழியர்களிடம் சொல்லிவையுங்கள்.

“சானிட்டைசர் இருக்கிறது, போதும்.”

கப்பலில் பரவும் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் நோரோ வைரஸால் வருவது. சாராயக் கலவைச் சானிட்டைசர் அதனிடம் சரியாக எடுபடாது. பஃபேக்குப் போகுமுன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

“வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கப்பல் சௌகரியம்.”

முதியவர்களுக்குப் பெரிதும் உண்மை. ஊர் மாறினாலும் படுக்கையும் பெட்டியும் இடம் மாறுவதில்லை. கர்ப்பிணிகள் விஷயத்தில் பல நிறுவனங்கள் 24 வாரத்தை எல்லையாக வைத்திருக்கின்றன, அதுவும் பயணம் முடியும் நாள் வரை கணக்கிட்டு. கைக்குழந்தைக்கு ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். நீண்ட கடல் நாட்கள் உள்ள பயணமானால் ஒரு வயது. ஊரில் எடுத்த மருத்துவக் காப்பீடு கப்பல் மருத்துவமனைக்குச் செல்லாமல் போகலாம். அவசர இடமாற்றச் செலவும் ஏற்கெனவே உள்ள நோய்களும் அடங்கிய பயணக் காப்பீட்டை வாங்குங்கள். மாத்திரைகளையும் சீட்டையும் கைப்பையில் வையுங்கள். ஏறும்போது ஒப்படைக்கும் பெரிய பெட்டி அறைக்கு வந்துசேர மாலையாகிவிடலாம்.

“காலையில் சிங்கப்பூரில் இறங்கி மதியம் கப்பல் ஏறலாம்.”

விமானம் சரியாக வந்தால் ஏறலாம். தாமதமானால் கப்பல் போய்விடும். அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் துரத்திப் போக வேண்டும். முந்தின நாளே போய் ஓர் இரவு தங்குங்கள். சிங்கப்பூரில் இரண்டு முனையங்கள் உண்டு: மரினா பே குரூஸ் சென்டர் ஒன்று, ஹார்பர்ஃபிரண்ட் அருகே சிங்கப்பூர் குரூஸ் சென்டர் மற்றொன்று. டிக்கெட்டில் எது என்று பார்த்தபின் டாக்சியில் ஏறுங்கள்.

திரும்பும் நாளுக்கும் ஒரு கணக்கு உண்டு. கடைசி இரவு பெட்டிகளை அடையாளச் சீட்டோடு அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். நள்ளிரவுக்குள் எடுத்துப் போய்விடுவார்கள். மறுநாள் உடுத்தும் துணி, பல்துலக்கி, பாஸ்போர்ட், காலை மாத்திரை ஆகியவற்றை அதற்குமுன் எடுத்து வையுங்கள். அன்றைய விமானத்தை மதியத்துக்குப் பிறகே பதிவு செய்யுங்கள்.