குதவழி மருந்து: மாதக்கணக்கில் வைக்கலாமா?

கேள்வி: அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு ஆசனவாயால் வைக்கும் மெசலசின் குளிசை தந்திருக்கிறார்கள். நீண்ட நாள் வைத்தால் ஆபத்தில்லையா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: இந்த மருந்தின் கதையே எனிமாவில்தான் தெளிவானது. சுவீடன் மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ் அறிமுகப்படுத்திய சல்பாசலசின் 1940களிலிருந்து பயன்பட்டது. அதில் எந்தக் கூறு புண்ணை ஆற்றுகிறது என்பது மட்டும் புதிராகவே கிடந்தது. 1977இல் ஒக்ஸ்போர்டில் பங்களாதேஷ் மருத்துவர் ஆசாத் கானும் ட்ரூலவ் முதலியோரும் அதன் இரு கூறுகளையும் தனித்தனியே எனிமாவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். வேலை செய்தது மெசலசின். பக்கவிளைவுகளில் பெரும்பகுதி மற்றக் கூறான சல்பாவால் வந்தவை.

குதவழியாக வைக்கும்போது மருந்தின் சிறுபகுதியே இரத்தத்தில் சேர்கிறது. ஆகவே வைத்தியர் சொன்னபடி மாதக்கணக்கில் வைப்பது பொதுவாகப் பாதுகாப்பானது. கர்ப்பிணிகளுக்கும் பெரும்பாலும் தொடரப்படுகிறது. சிறுநீரகப் பாதிப்பு அரிது, ஆனாலும் இடைக்கிடை கிரியேற்றினின் பார்க்க வேண்டும். அஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருந்து தொடங்கியபின் வயிற்றோட்டமும் இரத்தமும் கூடினால், அது மருந்தே ஒவ்வாததாலும் இருக்கலாம்.

குளிசை மலக்குடலோடு நின்றுவிடும். எனிமா இடப்பக்கப் பெருங்குடல்வரை ஏறும். இரண்டையும் படுக்கப் போகும்போது வைப்பது நல்லது. யாழ்ப்பாணத்து வெயிலில் மருந்தைச் சைக்கிள் கூடையில் விட்டு வைக்காதீர்கள்.

உண்மையான ஆபத்து வேறிடத்தில். காய்ச்சல், நோவுக்கு இங்கே தாராளமாக வைக்கப்படும் டைக்குளோபினாக்கும் குதவழிக் குளிசைதான். உருவம் ஒன்று, குணம் வேறு: அது குடல் அழற்சியைக் கிளறிவிடக்கூடும். பெட்டியில் பெயரை வாசித்த பிறகே வையுங்கள்.