விருந்தும் விசாரணையும்

ஒரே பந்தியில் உண்டவர் பலர் ஒருங்கே நோயுற்றால், "எந்தப் பதார்த்தம் காரணம்?" என்ற வினா எழுவது இயல்பு. அதற்கு ஊகத்தாலன்றிக் கணக்கால் விடை காணும் முறையை, சுகாதார சாஸ்திர மாணாக்கர் பயின்று வரும் ஓர் உண்மை நிகழ்ச்சியைக் கொண்டு நாம் ஆராய்வோமாக.

1940-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் தேதி மாலை, அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தைச் சேர்ந்த லைக்கமிங் என்னுஞ் சிற்றூரில் ஆலய விருந்தொன்று நடந்தது. வந்திருந்தோர் 80 பேர். சில மணி நேரத்திற்குள் பலருக்குக் குமட்டலும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. மறுநாள் செய்தியறிந்த சுகாதார உத்தியோகஸ்தர், 75 பேரை விசாரித்து, இன்னார் இன்னதை உண்டார், இன்ன நேரத்தில் நோயுற்றார் எனக் குறித்துக்கொண்டனர். நோயுற்றோர் 46 பேர், ஒருவரும் இறந்திலர்.

நோயுற்றோரை மாத்திரம் வினவுதல் போதாது. அவர்களுள் 29 பேர் பன்றியிறைச்சி உண்டிருந்தனர்; ஆதலின் குற்றம் அதன்மேலதெனத் தோன்றலாம். ஆனால், அதை உண்ட 46 பேரில் நோயுற்றோர் நூற்றுக்கு 63. உண்ணாத 29 பேரில் நோயுற்றோர் 17, அஃதாவது நூற்றுக்கு 59. வேற்றுமை அற்பமே. வெனிலா ஐஸ்கிரீமின் கணக்கோ வேறு. உண்ட 54 பேரில் 43 பேர், நூற்றுக்கு 80 வீதம், நோயுற்றனர். உண்ணாத 21 பேரில் மூவரே, நூற்றுக்கு 14 வீதம், நோயுற்றனர். உண்ணாதவரையும் நலமாயிருந்தவரையும் கணக்கிற் சேர்த்தமையாலேயே உண்மை புலனாயிற்று. அம்மூவர் உண்டதை மறந்திருக்கலாம். வேறு காரணத்தால் நோயுற்றுமிருக்கலாம். சில விலக்குகளால் விதி பொய்யாவதில்லை.

ஐஸ்கிரீமுக்குரிய பால் முந்தின நாளே காய்ச்சப்பட்டு, ஆலயத்தின் நிலவறையில் இரவு முழுதும் வைக்கப்பட்டிருந்தது. ஸ்டாபிலோகாக்கஸ் என்னுங் கிருமி, மாந்தர் பலருடைய நாசியில் தீங்கின்றி வசிப்பது. குளிரூட்டப்படாத பாலிற் சேர்ந்தால் பெருகி விஷத்தை உண்டாக்கும். அவ்விஷம் பின்னர்க் கொதிக்கவைத்தாலும் எளிதில் அழியாது. ஐஸ்கிரீம் தயாரித்தவருள் ஒருவருடைய நாசியிலும் தொண்டையிலும் அக்கிருமி காணப்பட்டது. ஆயினும், அவராலேயே நேர்ந்ததென விசாரணை செய்தோர் தீர்ப்புக் கூறிற்றிலர். பதார்த்தம் இன்னதெனத் துணிந்து, கிருமி புகுந்த வழி தெளிவாக விளங்கவில்லையென்றே எழுதி முடித்தனர்.

மாணாக்க நண்பர்களே, நம் விடுதியிலோ உணவுச்சாலையிலோ இத்தகைய நோய் நேரின், சமையற்காரர்மேற் பழி சுமத்த நாம் விரைதல் இயல்பு. உண்டவரையும் உண்ணாதவரையும் எண்ணுவோம். சான்று நிற்குமிடத்தில் நாமும் நிற்போம். உடல்நலத்தைக் காப்பதோடு பிறர் நற்பெயரைக் காப்பதும் கல்வியின் பயனேயாம்.