ரிம்மில் ஒட்டிய எடைத்துண்டு

கேள்வி: புது டயர் மாட்டும்போது ரிம்மில் சின்ன உலோகத் துண்டுகளை ஒட்டுகிறார்களே, இந்த ‘வீல் பேலன்சிங்’ எங்கிருந்து வந்தது? அவசியந்தானா?
— வாசகர், சிராங்கூன் சாலை

பதில்: உங்கள் வட்டாரத்திலிருந்தே தொடங்குகிறேன். பஃபலோ ரோடு, கண்டாங் கெர்பாவ் என்ற பெயர்களே அங்கே மாட்டுத் தொழுவங்கள் இருந்ததைச் சொல்லும். அன்று சிராங்கூன் சாலையில் ஓடிய மாட்டு வண்டியின் சக்கரம் ஒரு பக்கம் கொஞ்சம் கனத்திருந்தால் யாருக்குத் தெரியும்? மாட்டின் நடைக்கு அது உறைக்காது. 1896-இல் சிங்கப்பூருக்கு வந்த பென்ஸ் காரைச் சார்லஸ் பக்லி ஓட்டினார். ஊரார் அதைக் ‘காப்பி மெஷின்’ என்றே அழைத்தார்கள். அதன் வேகத்துக்கும் இந்தக் கவலை வந்திருக்காது.

கவலை முதலில் வந்தது மின்சாரம் எடுக்கும் டர்பைன்களுக்கு. அசுர வேகத்தில் சுழலும் உருளையில் சிறிது எடை பிசகினாலும் தாங்கிகள் நொறுங்கும். ஜெர்மனியில் பிரான்ஸ் லவாசெக் 1907-இல் கண்டுபிடித்த சமன்படுத்தும் இயந்திரத்தை, டார்ம்ஸ்டாட் நகரின் கார்ல் ஷெங்க் நிறுவனம் தயாரிக்கத் தொடங்கியது. கார்கள் வேகம் பிடித்த பிறகு அதே அறிவு டயர் கடைக்கு வந்து சேர்ந்தது.

அவசியந்தானா என்பதற்குக் கணக்கே பதில் சொல்லட்டும். 16 அங்குல ரிம்மின் ஓரத்தில் 20 கிராம் கூடுதல் என்று வையுங்கள். 90 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் வினாடிக்கு ஏறக்குறைய 13 முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த 20 கிராம், சுமார் இரண்டரைக் கிலோ எடைக்குச் சமமான விசையோடு சக்கரத்தை வெளியே இழுக்கும். வேகம் பாதியானால் இழுப்பு கால்பங்காகிவிடும். இதனால்தான் ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் உச்சவரம்பே 90தான். பாலம் தாண்டி மலேசிய நெடுஞ்சாலையில் 110-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் கையில் நடுங்கும். ‘புது டயர் சரியில்லை’ என்று டயரைத் திட்டுவோம். டயர்மேல் பழி போடுமுன் எடையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சக்கரம் மேலும் கீழும் குதிப்பது ஒரு கோளாறு. பக்கவாட்டில் ஆடுவது வேறொன்று. இரண்டாவதைப் பிடிக்க, சுழலவிட்டு அளக்கும் இயந்திரம் வேண்டும். ரிம்மின் உட்புறம், வெளிப்புறம் இரண்டிலும் எடை வைக்க வேண்டும். வெளிப்புறம் அழகு கெடும் என்று உட்புறத்தில் மட்டும் ஓரிடத்தில் ஒட்டிவிட்டால் வேலை அரைகுறைதான். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முன்பெல்லாம் அந்தத் துண்டுகள் ஈயம். சாலையில் கழன்று விழுந்து நசுங்கி மண்ணில் நஞ்சாகக் கலப்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் புதுக் கார்களில் ஈயத்தைத் தடுத்தது. அங்கே இப்போது இரும்பும் துத்தநாகமும் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன.

கேள்வி: பேலன்சிங்கும் அலைன்மெண்டும் ஒன்றா?

பதில்: இல்லை. ஸ்டீயரிங்கை விட்டால் கார் ஒரு பக்கமாக இழுத்துப் போவது அலைன்மெண்ட் கோளாறு. குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுங்கினால் பெரும்பாலும் பேலன்சிங். பஞ்சர் ஒட்ட டயரைக் கழற்றி மாட்டினாலும் பழைய சமன் போய்விடும். அடுத்த நீண்ட வாரயிறுதிக்குக் குடும்பத்தோடு பாலம் தாண்டுமுன், நான்கு சக்கரத்தையும் ஒருமுறை இயந்திரத்தில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.